ஆளை விட்டுப் பாய்ந்தவன்

டெக்சாஸின் மார்லோ பெண்ட் ஊரில் வெண்டல் மொராவெக்குக்குப் பதினேழு வயதில் ஒட்டிய பட்டப்பெயர் ஐம்பது தாண்டியும் விடவில்லை. 'திறந்த கதவு.' கொலாச்சி என்கிற பழ பன் வாங்க பேக்கரிக்குப் போனால், "வாப்பா கதவு, இன்னைக்காவது சாத்திட்டு வந்தியா?" என்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்து வேலிப் பலகையை உதைப்பார். அவர் மனைவி லொரெட்டா எத்தனை பலகைதான் மாற்றுவாள்!

அந்த வயதில், பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலில், பள்ளி அணியின் கார்னர்பேக் அவர். எதிரணியில் ஓரமாக ஓடிப் பந்து பிடிப்பவனை நிழல்போல ஒட்டிக்கொண்டு ஓட வேண்டிய வேலை. அபூர்வமாக ஒரு தடவை, கோச் சைகை காட்டினால், அந்த ஆளை அம்போவென்று விட்டுவிட்டுப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் மேல் பாய வேண்டும். அதுதான் பிளிட்ஸ். ஓரத்திலிருந்து ஒருவன் வருவான் என்று எறிகிறவன் எதிர்பார்க்க மாட்டான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பந்து சிதறும், ஊரே கூத்தாடும். ஓரடி பிந்தினாலும் போச்சு. விட்டுவிட்டு வந்த ஆள் அங்கே தன்னந்தனியாகக் கையை ஆட்டிக்கொண்டு நிற்பான்.

கோப்பைக்கான ஆட்டத்தன்று கோச் ஆல்ட்டன் கெர்லாக் பெல்ட் பக்கிளைத் தட்டினார், பாயச் சொல்லும் சைகை அது. வெண்டல் பாய்ந்தார். ஓரடி பிந்தினார். காவலில்லாமல் திறந்து கிடந்த ஓரத்தில் அந்த ஆள் பந்தைப் பிடித்து ஓடினான். கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது. மறுநாள் டீசல் பங்கில் கெர்லாக் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நான் எங்க அனுப்பினேன்? பையன் தன்னிஷ்டத்துக்குப் பாஞ்சிட்டான்."

பக்கிளைத் தட்டியது அணிக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் ஆட்டக்காரன் கோச்சை மறுத்துப் பேசுவதில்லை. "யெஸ் சார்", அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. வெண்டலும் திறக்கவில்லை. கெர்லாக் அப்புறம் இரண்டு கோப்பை வாங்கினார், மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். இவருக்குக் 'கதவு' என்ற பெயர்தான் மிச்சம்.

பிறகு அதே பள்ளியில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராகவும், அணியின் தடுப்பாட்டத்துக்குக் கோச்சாகவும் சேர்ந்தார். அந்த பிளிட்ஸை மட்டும் அவர் விடவில்லை. "சூடு பட்டும் புத்தி வரலயா உனக்கு?" என்று லொரெட்டா கேட்டால் எரிந்து விழுவார். "பாயச் சொன்னது தப்பே இல்ல லொரெட்டா! அப்புறம் சொன்ன பொய்தான் தப்பு."

போன வெள்ளிக்கிழமை முதல் பாதியில் வெண்டல் காதுமடலைத் தொட்டார். இப்போதைய கார்னர்பேக் பையன் ஐசக் ஒர்ட்டேகா தன் ஆளை விட்டுப் பாய்ந்தான். பந்து சிதறியது, நம்மவன் எடுத்துக்கொண்டு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான். ஊர் எழுந்து நின்று குதித்தது. யார் அனுப்பியது என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

கடைசி நிமிடம். நமக்கு நாலு புள்ளி முன்னிலை. மறுபடி காதைத் தொட்டார். இந்தத் தடவை பையன் அவசரப்பட்டு முன்கூட்டியே உள்ளே நகர்ந்துவிட்டான். எறிகிறவன் பார்த்துவிட்டான். ஐசக் போய்ச் சேருமுன் பந்து கையை விட்டுப் போய்விட்டது. அவன் விட்டுவந்த ஆள் அதைப் பிடித்து ஓடினான், பின்னாலிருந்து உதவிக்கு வந்த நம்மவனுக்கும் எட்டவில்லை. ஆட்டம் போச்சு, சீசனும் போச்சு.

சனிக்கிழமை ஐசக்கின் வண்டிக் கண்ணாடியில் யாரோ வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தார்கள்: 'சின்னக் கதவு.' அதைப் பார்த்த வெண்டலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எந்தத் தறுதலை எழுதினானோ, கையில் கிடைத்திருந்தால் அன்றே எலும்பை எண்ணியிருப்பார்.

திங்கட்கிழமைதோறும் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஊராருக்கு ஆட்டத்தின் படம் போட்டுக் காட்டுவது இங்கே வழக்கம். மாட்டிறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டே திட்டலாம், கோச்சுகள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு தலைமைக் கோச் டஸ்டின் பிரெம் வெண்டலைத் தனியே இழுத்துப் போனார்.

"அவனுங்க உன் தலைய கேக்குறானுங்க வெண்டல். பையன் தானா பாஞ்சிட்டான்னு ஒத்த வரி சொல்லிடு. அவன் எதுத்துப் பேச மாட்டான். கடைசி வருஷப் பையன், அடுத்த வருஷம் அவன் இங்க இருக்கப் போறதும் இல்ல. உனக்கு வேல வேணாமா?"

"அந்த வரி எனக்கு நல்லா மனப்பாடம்ப்பா," என்றார் வெண்டல்.

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கிழவர் கெர்லாக், மடியில் காகிதத் தட்டோடு. பின்சுவரில் சாய்ந்து ஐசக். அந்தக் கடைசிப் பாய்ச்சல் திரையில் வந்ததும் கூச்சல் கிளம்பியது. "சின்னக் கதவு! எவன்டா உன்ன ஓடச் சொன்னது?"

வெண்டல் படத்தை நிறுத்தினார். "நான் சொன்னேன். காதத் தொட்டேன், அவன் பாஞ்சான். முதல் பாதியிலயும் நான்தான் தொட்டேன். அப்ப குதிச்சீங்கல்ல? ஜெயிச்சா ஊரு பாஞ்சுது, தோத்தா பையன் பாஞ்சானா? வெக்கமா இல்ல? திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க. அவன் வண்டியத் தொட்ட கைய நாளைக்கு நான் ஒடிப்பேன்."

டஸ்டின் தலையில் கையை வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவன், "அப்ப வேலய விட்டுட்டுப் போய்யா!" என்றான்.

"போறேன்டா, போறேன். இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கு." வெண்டல் முன்வரிசைக்கு நடந்தார். "'நான்தான் அனுப்பினேன்.' பாத்தீங்களா கோச், சொல்றது ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல. நீங்களும் சொல்லிப் பாருங்க."

கெர்லாக்கின் அணியில் ஆடியவர்கள் சிலர் அங்கே நரைத்த தலையோடு இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கிழவரின் விரல்கள் பெல்ட் பக்கிள் மேல் போய் நின்றன.

"நான்தான்... அனுப்பினேன்," என்றார். முன்வரிசையைத் தாண்டி ஒருவருக்கும் கேட்டிருக்காது.

வயதானவர் என்று வெண்டல் இளகவில்லை.

"சத்தமா சொல்லுங்க கோச்," என்றார். "பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல."