எரிந்த உதடும் ஏச்சு வாங்கிய இறால் சம்பலும்

உதட்டில் பூசும் லிப் பாம் எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பிய அறிவாளி நான். தைலம் தேய்த்தே வளர்ந்த உடம்பு அல்லவா.

அலுவலக ஏர்கான் குளிரில் என் மனைவி நசீமாவின் உதடு வெடித்திருந்தது. சிங்கப்பூர் தேக்கா கடையொன்றில் மெந்தாலும் கற்பூரமும் கலந்த பாம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

"என்னங்க, ரொம்ப எரியுது."

"எரியட்டும்லா. மருந்து உள்ள இறங்குது. இன்னும் கொஞ்சம் பூசு."

நான்காம் நாள் காலையில் உதடு சிவந்து வீங்கிவிட்டது. முந்தின நாள்தான் அவள் தங்கை சபீனா இறால் சம்பல் சமைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதுதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, கிளமெண்டி கிளினிக்குக்கு டாக்சியில் போகும்போதே சபீனாவுக்குப் போன் போட்டேன்.

"கெட்டுப்போன இறாலைக் கொடுத்து அக்காவைக் கொல்லப் பார்த்தியா?"

மறுமுனையில் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

டாக்டர், "உதட்டுல என்ன போடுறீங்க?" என்றார். நசீமா பாமை நீட்டினாள். வெடித்த உதட்டை மெந்தாலும் கற்பூரமும் இன்னும் புண்ணாக்கும், எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். ஈரத்தைக் காக்க வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியே போதுமாம்.

அன்று மாலை புக்கிட் பாத்தோக்கில் சபீனா வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றேன்.

"மச்சான், நீங்களும்தானே ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க?"

பாமை எடுத்துக் காட்டி, தப்பு என்னுடையதுதான் என்று மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எதை வாங்கினாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னென்ன கலந்திருக்கிறது என்று படித்துவிடுகிறேன். நசீமாவுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இறாலில் ஒரு குறையும் இல்லை. அவள் உதட்டைப் புண்ணாக்கியது நான் பூசச் சொன்ன பாம்.