கேட்காமல் எழுதிய சட்டம்

நெருக்கடி நிலைக்குப் பின் வரும் முதல் தேர்தல் நாள். நாமகிரிப்பேட்டை வாக்குச்சாவடிக்கு எதிரே எங்கள் பேருந்து பழுதாகி நிற்கிறது. வரிசையில் நிற்கும் மஞ்சள் காட்டுக் கூலிப்பெண் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுக்கிறேன். தோட்ட முதலாளி அனுப்பிய டிராக்டரில் ஏறாமல், நான்கு மைல் நடந்தே வந்திருக்கிறாள்.

"ஏறுனா அவரு சொல்ற சின்னத்துக்குப் போடோணுமுங்க. ஏறாட்டி நாளைக்கு வேலை இல்லையாமுங்க."

"இந்த ஓட்டைத் தந்த அரசியல் சட்டத்தை எழுதியவர்களைத் தேர்ந்தெடுக்க, அன்று உங்களைப் போன்றவர்களுக்கு ஓட்டே இல்லையம்மா" என்கிறேன்.

"அன்னைக்குக் கேக்கலீங்களா? செரி, இன்னைக்குக் கேக்கறாங்கல்லங்க. சொல்லிப்போட்டு வாரேனுங்க."

உள்ளே போகிறாள். அதிகாரி பட்டியலைப் பார்த்து அவள் பெயரை உரக்கப் படிப்பது சன்னல் வழியே கேட்கிறது.

"நாந்தானுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மை வைக்க விரலை நீட்டுகிறாள்.