கிளெனிஸ் கேட்ட பலகைப் பாதை

கிளெனிஸைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கம் பால் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோருமே பிடிவாதக்காரர்கள்தான். அவள் அதில் ஒரு படி மேல். மாடு மிதித்துப் பாழாய்க் கிடந்த மரூங்கா சதுப்பு நிலத்தை மரம் நட்டு மீட்கப் பதினைந்து பேரைப் பிடித்து இழுத்துக் குழு ஆரம்பித்தவளும் அவள்தான்.

பிறகு அவள் கணவன் கெல்வினுக்குப் பக்கவாதம் வந்தது. சக்கர நாற்காலி சேற்றில் ஓடுமா? நான்கு வருடமாக அவன் சதுப்பைச் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தான். தண்ணீர் வரை பலகைப் பாதை போட வட்டார மானியத்துக்குக் கிளெனிஸ் மனுப் போட்டாள். காரணம் என்ற இடத்தில் 'பொதுமக்கள் வசதி' என்று எழுதினாள். எந்தப் பொதுமக்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன.

மனு திரும்பி வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வருடத்துக்கு இரண்டாயிரம் மணி நேரமாவது சதுப்பில் உழைத்ததாகக் காட்டினால்தான் மானியம். நாங்கள் காட்டியது நாற்பத்தொன்று. எங்கள் ஊரில் திருடினாலும் மன்னிப்பார்கள், தம்பட்டம் அடித்தால் மன்னிக்க மாட்டார்கள்.

அடுத்த வருட நடவு நாளில் எல்லோரும் சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தபோது, கிளெனிஸ் படிவங்களோடு வந்து நின்றாள்.

"நெவில், வருஷம் பூரா முள்ளுப்புதர வெட்டிக்கிட்டுக் கெடந்த. 'எப்பவாவது எட்டிப் பாத்தேன்'னு எழுதுறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"எட்டித்தான பாத்தேன்," என்றான் நெவில், மென்றுகொண்டே. அவன் கை முழுக்க முள் கீறல்.

"சரி. ஒருத்தரும் தன்னப் பத்தி எழுத வேணாம். பக்கத்துல நிக்கிற ஆளப் பத்தி எழுதுங்க."

அவ்வளவுதான், பேனாவுக்கு அடிபிடி. அடுத்தவன் கதை என்றால் எங்களுக்குக் கை ஓயாது. நெவிலுக்கு நான் இருநூறு மணி நேரம் போட்டேன், வாய்ப்பேச்சைக் கழித்துவிட்டுத்தான்.

கூட்டினால் ஆயிரத்து அறுநூறு. கிளெனிஸின் முகம் தொங்கிவிட்டது. அப்போதுதான் நெவிலின் மனைவி ஷெரில் தன் தாளை நீட்டினாள். வாராவாரம் நடவுக்கான மரக்கன்றுகளை எடுத்து வர கிளெனிஸ் வீட்டுக்குப் போகிறவள் அவள். தாளில் கெல்வின் பெயர். எழுநூறு மணி நேரம்.

"கெல்வினா? அவன் பொழுது போகாம உக்காந்து ஒத்தக் கையால வெத போடுறான்," என்றாள் கிளெனிஸ்.

"அப்ப நாங்க நட்ட கன்னெல்லாம் வானத்துலேருந்தா விழுந்துச்சு? போடி பைத்தியக்காரி."

கிளெனிஸ் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். கேட்டதற்குப் புகை என்றாள்.

மானியம் கிடைத்தது. மார்ச் மாதம் பாதை முடிந்த அன்றே கெல்வினைத் தள்ளிக்கொண்டு போனோம். அவன் கையில் முளைத்த மரங்கள் தலைக்கு மேல் நின்றன. அண்ணாந்து பார்த்தான்.

"நெருக்கி நட்டுத் தொலச்சிருக்கீங்க," என்றான்.

தண்ணீரில் இரண்டு கறுப்பு அன்னங்கள். அரை மணி கழித்துக் கிளெனிஸ் நாற்காலியைத் திருப்பப் போனாள். கெல்வின் பிரேக்கைப் போட்டுக்கொண்டான்.

"நீ போ. நான் மெதுவா வரேன்."

"தனியாவா?"

"தள்ளிக்க ஒரு கையும் ஒரு காலும் போதும். பலக போட்டிருக்குல்ல."

இத்தனை வருடத்தில் அவன் அவளைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்களோடு நடந்து வந்தாள். தள்ள எதுவும் இல்லாமல் கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.