நான் தப்பு போட்ட மேகம்

யு.கே.ஜி. டீச்சரைப் பயமுறுத்த இன்ஸ்பெக்ஷன் தேவையில்லை, ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று “ஏன் மிஸ்?” என்று கேட்டால் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மேகம் பற்றி ஒரு வாரம் பேசி, வரைந்து, ஒட்டிப் பழக்க வேண்டும் என்றார்கள். அந்த வாரத்தில் நடந்தவை இவை. என்னைப் போல மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்குப் புரியும்.

பஞ்சு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அன்று எங்கள் ஊர் குமராட்சியிலிருந்து மினிபஸ் தாமதம். சிதம்பரத்தில் பஸ் மாறிப் பள்ளி இருக்கும் கடலூர் முதுநகர் வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் முடிந்துவிட்டது. என் வகுப்பைப் பார்த்துக்கொண்ட எல்.கே.ஜி. கலா மிஸ் சொன்னதுதான்.

நீல சார்ட்டில் வீடு வரைந்து, மேலே பஞ்சை மேகமாக ஒட்டச் சொல்லியிருக்கிறார். நரேன் மட்டும் வாசற்படிக்குக் கீழே ஒட்டியிருக்கிறான். “மேகம் ஏன்டா தரையில கெடக்குது?” என்று கேட்டதற்கு அவன் சொன்னது: “மேல ஒட்டுனா விழுந்துடும் மிஸ். கம் இன்னும் காயல.”

கருப்பு

மறுநாள் கிரேயான் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வகுப்பில் இருந்த கருப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. வெள்ளைக் கிரேயானை ஒருவரும் தொடவில்லை. புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டி, “பாருங்க, எவ்வளவு அழகா வெள்ளையா இருக்கு. ஒண்ணாவது வெள்ளையா வரையலாமே?” என்றேன்.

முன் பெஞ்ச் அஃப்ரா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: “வெள்ளை மேகத்துக்கெல்லாம் லீவு விட மாட்டாங்க மிஸ்.”

சிவப்பு

அன்று மாலை வேன் வருமுன் வகுப்பிலேயே நோட்டுகளைத் திருத்தினேன். யாழினி உயரமான ஒரு கோபுரம் வரைந்து, அதன் வாயிலிருந்து குண்டு குண்டாக மேகம் கிளம்புவதுபோல் போட்டிருந்தாள். பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஆள். “எங்கப்பா கம்பெனியில மேகம் செய்யுறாங்க மிஸ்” என்றாள். அவள் அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் வேலை.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தில், “அது புகைம்மா, மேகம் இல்ல” என்று சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். யாழினி சிரிக்கவில்லை. “அப்ப எங்கப்பா பொய் சொல்றாரா மிஸ்?”

வெறும் தாள்

“வேன் வந்துடுச்சு, கிளம்புங்க” என்று சமாளித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் எல்லோரும் விரலால் வண்ணம் தொட்டு மேகம் வைத்தார்கள். யாழினியின் தாள் வெறுமையாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து வண்ணத்தில் தோய்க்கப் பார்த்தேன். கையை இழுத்துக்கொண்டாள். “எனக்கு மேகம் தெரியாது மிஸ்.”

கேட்டருகே

அதற்கு மறுநாள் மாலை அவள் அப்பா பைக்கில் வந்து கேட்டருகே நின்றார். முதல்வர் அறைக்குத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தார்.

“சண்டைக்கு வரல டீச்சர். பாப்பா ரெண்டு நாளா எங்கிட்ட பேச மாட்டேங்குறா. பைக்ல போறப்ப விளையாட்டா மேகம்னு சொல்லிட்டேன். ஆனா அது புகை இல்லீங்க. மெஷின் சூட்டைத் தணிக்கிற தண்ணி டவர். அதுலேருந்து வர்றது வெறும் ஆவி.”

அவர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். “நான் பத்தாவதுதான். நீங்க படிச்சவுங்க. தப்பா இருந்தா சொல்லிடுங்க டீச்சர், நானே அவகிட்ட தப்புன்னு ஒத்துக்குறேன்.”

டிக்

ஊருக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் தேடிப் படித்தேன். அவர் சொன்ன டவரில் வருவது புகை இல்லைதான். மறுநாள் வகுப்பு முழுவதும் கேட்க, “யாழினி அப்பா பொய் சொல்லல. மிஸ்தான் தெரியாம தப்பு போட்டுட்டேன்” என்றேன். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நரேன் மட்டும் “பரவால்ல மிஸ்” என்றான்.

வெள்ளை மை எடுத்து அந்தக் குறியை அழிக்கப் போனேன். யாழினி நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “அழிக்காதீங்க மிஸ். பக்கத்துல டிக் போடுங்க. ரெண்டையும் அப்பாகிட்ட காட்டணும்.”

ஆவி கண்ணுக்கே தெரியாது, டவரின் மேல் வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து உண்டாகும் பொடிப்பொடி நீர்த்துளி, வானத்து மேகமும் அப்படி உண்டாவதுதான் என்று பிறகு சரிபார்த்துக்கொண்டேன். ஆக, “புகை” என்ற பட்டதாரி, “ஆவி” என்ற பத்தாவது, “மேகம்” என்ற யு.கே.ஜி. ஆகிய மூவரில் சரியாகச் சொன்னது யு.கே.ஜி.தான்.