உப்பு போட்டியா, இல்லியா?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில்தான் என் புகுந்த வீடு. மகள் பிறந்த கொஞ்ச நாளில் எனக்கு மனநோய் வந்தது. மனச்சிதைவு என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். அப்போது ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், பைத்தியம்.

வெளியூர் ஆஸ்பத்திரி மாத்திரையில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. புத்திதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாலை அடுப்பில் வைப்பேன். அது பொங்கி வழியும், நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவளிடம் குழந்தையை எப்படித் தனியாக விடுவார்கள்? குளிப்பாட்டுவது, சோறூட்டுவது எல்லாம் மாமியார்தான். என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குழந்தையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் உறவில் கிளம்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். எந்த வேலையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய், பழகிய பிறகு முணுமுணுத்தால் போதும், அப்புறம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தார். "புளி கரைச்சாச்சு, உப்பு போட்டாச்சு" என்று அடுப்போடு பேசிக்கொண்டே சமைக்க ஆரம்பித்தேன். நம்பமாட்டீர்கள், குழம்பு குழம்பாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் தன் புகுந்த வீட்டாரோடு வெள்ளிமலைக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இறங்கி வந்தார். போராட்டக்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை, எல்லோரும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். நான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே சமைத்தேன். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த் தன் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"இன்னாம்மா, அது தனியா பேசிக்கினு இருக்குது? மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா?"

உடம்பெல்லாம் கூசிப்போனது. வாயை இறுக மூடிக்கொண்டேன். அப்புறம் எத்தனை தடவை உப்பு போட்டேனோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சாப்பிட உட்கார்ந்தவர்கள் முதல் கவளத்திலேயே தண்ணீர்ச் செம்பைத் தேடினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. கை கழுவும்போது நாத்தனாரின் மாமனார், என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும்படி என் கணவரிடம் சொன்னார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளும் வழி திறக்கவில்லை. இன்றைக்கு நான் சமைக்கிறேன் என்று நாத்தனார் எழுந்தார். மாமியார், அவளே ஆக்கட்டும் என்று சொல்லிவிட்டு, முறத்தில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தார்.

"புளி கரைச்சியா?"

"கரைச்சிட்டேன் அத்தை."

"உப்பு போட்டியா, இல்லியா? வாயத் தொறந்து சொல்லு."

கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் கேள்வி. கடுகு தாளித்ததற்குக்கூட ஒரு கேள்வி. விருந்தாளிகள் எதிரில் இப்படியா மானத்தை வாங்குவது என்று எனக்கு அழுகை முட்டியது. நாத்தனாரே பொறுக்காமல், ஏம்மா அவளை இந்தப் பாடு படுத்துகிறாய் என்று கடிந்துகொண்டார். மாமியார் காதில் வாங்கவில்லை. அன்றைக்குக் குழம்பை எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கோபத்தில் இருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

அவர்கள் ஊருக்குப் போன பிறகும் மாமியார் விடவில்லை. தினமும் அதே வாசற்படி, அதே அதட்டல். அக்கம்பக்கத்துப் பெண்கள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு, அது ஒரு ராட்சசி என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமியார்தான் கூட வந்தார். பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் தனியாகப் பேசும்போது என் குறையையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவர், உன் மாமியார் இப்போதுதான் வந்து பேசிவிட்டுப் போனார் என்றார். மாமியார் கேட்டதை அப்படியே சொன்னார்.

"தனியா பேசினா பைத்தியம்னு சொல்றாங்க. அது கூச்சப்பட்டுக்கினு வாய மூடிக்குது. அதான் நான் கேக்கறேன், அது பதில் சொல்லுது. என்னைக் கொடுமைக்காரின்னு பேசிட்டுப் போறாங்க, போவட்டும். இப்டி கேக்கறது அதுக்கு நல்லதா, கெட்டதா? அத மட்டும் சொல்லுங்க."

வெளியே வந்தேன். மாமியார் மாத்திரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் நாக்கு எழவில்லை.

"இன்னா சொன்னாங்க?" என்றார்.

"நல்லதுதானாம் அத்தை."

அவர் எழுந்து முன்னால் நடந்தார். கொஞ்ச நாளில் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையையும் என்னிடமே விட்டார். ஊரார் என்னைப் பைத்தியம் என்று சொன்ன அவமானம் எப்போதோ ஆறிப்போனது. எனக்காகக் கெட்ட பேர் வாங்கிக்கொண்டவரை நானும் சேர்ந்து ராட்சசி என்று சொன்ன வெட்கம் மட்டும், அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆறவில்லை.