நாலாவது இலக்கம்

பிள்ளைகளே, மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். எழுதியே வைத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் என் பக்கம் கொஞ்சம் சாய்த்துச் சொல்லிவிடுவேன்.

உங்கள் அத்தையின் கணவர் அப்போது கன்டெய்னர் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்குப் போகும் வண்டிகளை எண்ணூர் சாலையோரம் ஒரு மைதானத்தில் நிறுத்தி டோக்கன் கொடுப்பார்கள். எண்ணைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டும். குளிக்கக்கூட நகர முடியாமல் நாள் கணக்கில் கிடப்பார்கள்.

பன்னிரண்டாவதோடு நின்ற நான், கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு வருடம் படித்து, திருவொற்றியூரில் ஒரு சின்ன கம்பெனியில் போன்களுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கம்பெனி போனுக்குள்ளும் ஒவ்வொரு இயங்குதளம். ஜாவா மொழியில் எழுதினால் எல்லாவற்றிலும் ஓடும் என்று சென்டரில் சொன்னதை அப்படியே நம்பினேன். மைதானத்தில் எந்த டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்று போனிலேயே தெரிகிற மாதிரி ஒன்று செய்தோம். மைதானத்து டீக்கடையில் போஸ்டர் ஒட்டினேன்: ‘எல்லா போனிலும் ஓடும்.’ அந்த வரி நான் எழுதியது.

சோதித்துப் பார்க்க டீக்கடையில் ஓட்டுநர்களிடம் போன் கேட்டேன். நல்ல செட் வைத்திருந்தவர்கள் பெருமையாக நீட்டினார்கள். மலிவான சைனா செட்காரர்கள் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை. “என்துல நல்லாத்தான் கீது மச்சான்” என்றார். அக்கா புருஷனிடம் போனைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? நீட்டியவர்களின் போன்களை மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்றேன்.

மாத்தூரில் அவர் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் நான், குழந்தை என் மடியில். “வண்டிய வுட்டுட்டு வா மாமா, நம்பர் போன்லயே வரும்” என்று அவரை வரவழைத்ததும் நான்தான். அவருடைய எண் ஆயிரத்து நாற்பத்தாறு.

பந்தியில் உட்கார்ந்தும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “யோவ், கொயந்த அங்க கத்திகினு கீது, உனுக்கு இன்னாய்யா நம்பரு?” என்று அவருடைய அண்ணன் கிண்டலடித்தார்.

மாமா என்னிடம் எழுந்து வந்தார். “மச்சான், தொள்ளாயிரத்துல போய்கினு இருந்துச்சு. இப்ப நூத்தி ஒண்ணுன்னு காட்டுது. இன்னாடா இது?”

ஆசாரி ஊசியைக் குழந்தையின் காதருகே கொண்டுவந்திருந்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “டவர் சரியில்ல மாமா. பழைய நம்பரக் காட்டுது. கம்முனு போய்ச் சாப்புடு.”

டவர் நன்றாகத்தான் இருந்தது; அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தச் சின்னத் திரையில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். ஆயிரத்தைத் தாண்டியதும் கடைசி இலக்கம் வெளியே போய்விட்டது. அவர் பார்த்த நூற்றியொன்று, உண்மையில் ஆயிரத்துப் பத்திலிருந்து ஆயிரத்துப் பத்தொன்பதுக்குள் ஏதோ ஒரு எண். அந்த நிமிடம் கிளம்பியிருந்தால் பைக்கில் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்.

முறை போனது. பெட்டி ஏற வேண்டிய கப்பலும் போனது.

இரண்டு நாள் கழித்து, லாரி முதலாளி மாமாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். எங்கள் முதலாளி நாற்காலியை விட்டு எழாமல், “கண்ட கலீஜ் செட்ட வாங்கினது அவன் தப்பு. எங்க புரோகிராம்ல ஒண்ணும் இல்ல” என்றார்.

மாமா பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அதை அன்றுதான் நான் முழுதாகப் பார்த்தேன். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

“நீயே சொல்லு மச்சான். தப்பு போன்லயா?”

எனக்கு வேலை கிடைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. “ஆமா மாமா. செட்டுதான் சரியில்ல” என்றேன்.

அவர் போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மறுநாள் அவருடைய வண்டி வேறொருவர் கைக்குப் போனது. இன்று மணலியில் ஒரு கம்பெனி வாசலில், உள்ளே போகும் லாரிகளின் எண்ணை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், டீக்கடை மூடியிருந்த நேரமாகப் பார்த்துத் தனியாகப் போனேன். நானே மைதா காய்ச்சி ஒட்டிய போஸ்டர், லேசில் வரவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, அந்த ஒரு வரியை மட்டும் வண்டிச் சாவியால் சுரண்டி எடுத்தேன்.