தொட்டிக்குள் ஒரு பிடி சோறு

தலைநகரின் துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் கடல்நீர் மீன்தொட்டியைத்தான். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அப்புறம் பாசி பிடித்தது. பவளத்தின் மேலெல்லாம் பச்சையாய் முடி முளைத்த மாதிரி. ஆபீஸ் நண்பர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "அரே யார், யே தோ நாலா ஹை!" என்று சிரித்தார். சாக்கடையாம். எனக்கு மானமே போயிற்று.

தண்ணீரில் சத்து மிஞ்சினால் பாசி வரும். அது தெரிந்ததால் மீன்தீனியைக் குறைத்தேன். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன். குழாய்த் தண்ணீரை விட்டு ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கரைத்தேன். பாசி தின்னும் நத்தைகளை வாங்கி விட்டேன். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வளர்ந்தது, சனியன். பவளம் ஓரமாக வெளுக்க ஆரம்பித்தது.

"அந்தக் கல்லுமேல காட்டுற அக்கறைல கால்வாசி மாமா மேல காட்டுங்க," என்றாள் மனைவி.

மாமா என்றால் என் அப்பா. மதுரையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். இந்தி தெரியாது, பகலெல்லாம் பேச ஆள் கிடையாது. வந்த புதிதில், சாப்பிட உட்காருமுன் பால்கனிச் சுவரில் காக்காவுக்குச் சோறு வைப்பார். அம்மாவுக்காக வைப்பது அது. காக்கா வருமுன் புறாக்கள் வந்து, சோற்றைக் கீழ்வீட்டு ஏ.சி. மேல் இறைத்துவிட்டன. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து கத்தினார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "காவ் கே ஆத்மி ஹை, குச் நஹீ சமஜ்தே," என்றேன். பட்டிக்காட்டு ஆள், ஒன்றும் புரியாது என்று. அப்பா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மறுநாளே பால்கனியை அடைத்துப் புறாவலை போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டியின் பாறையை நகர்த்தி, குழாய் போட்டு அடித்தண்ணீரை உறிஞ்சினேன். வாளியில் சோற்றுப் பருக்கைகள் விழுந்தன. ஊறி உப்பி நாற்றமெடுத்த பருக்கைகள். மேலே நெய் மிதந்தது.

"எவன்டா இதுல சோத்தைப் போட்டது!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

திரும்பினால் அப்பா. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்திருந்தார். வலது கை மூடியிருந்தது. மெதுவாகத் திறந்தார். நெய் போட்டுப் பிசைந்த சின்ன உருண்டை.

"காக்கா உள்ள வர முடியலையேப்பா. வலை போட்டுட்ட. இதுகதான் வாயைத் தொறந்து வாங்கிக்குதுக. உங்கம்மாவுக்குப் போய்ச் சேரும்னு நெனச்சேன். மீனுக்கு ஆகாதா?"

கூனிக் குறுகிப் போனேன். மீனுக்கு எது ஆகும், எது ஆகாது என்பது எனக்கு அத்துப்படி. பெற்றவளுக்கு ஒரு பிடி சோறு வைக்கிற இடத்தை என் கையாலேயே அடைத்தது மட்டும் உறைக்கவே இல்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

பாசி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துப் போய், பால்கனி வலையின் ஒரு மூலையை வெட்டிவிட்டேன். அப்பா உருண்டையை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கா வந்தது. பாதியைத் தின்றது, பாதியைக் கீழே தள்ளியது. அவ்வளவுதான், காலிங்பெல் அடித்தது.

"ஃபிர் சே, பாய் சாப்?" மறுபடியுமா என்று முறைத்தார் கீழ்வீட்டுக்காரர்.

"மேரி மா கே லியே ஹை," என்றேன். என் அம்மாவுக்கு வைத்தது. ஏ.சி.யை நானே தினமும் துடைத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் "அச்சா," என்று இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அப்பா சாப்பிடாமல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அவர்ட்ட என்னப்பா சொன்ன? அன்னைக்குச் சொன்னியே, பட்டிக்காட்டான்னு, அர்த்தத்த அப்புறமா மருமகட்ட கேட்டுக்கிட்டேன், அதேதானா?"

"இல்லப்பா," என்றேன். அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.